‘ரெஃப்ரி விலைபோய்விட்டார்’ என்று சொல்வதற்கு முன்: கால்பந்து ரசிகர்களும் நடுவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட மறுநாள் காலை. வடசென்னை வியாசர்பாடியில் ஒரு திடலில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் ஆட்டம். விசில் என் கையில். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு எதிராகத் தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து ஓர் அணி வந்திருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது எங்கள் பையன் அடித்த பந்து எதிரணித் தடுப்பாட்டக்காரன்மேல் பட்டுத் தெறித்தது. கோட்டை ஒட்டி நின்ற அப்பாக்களும் அண்ணன்களுமாக அறுபது எழுபது பேர் ஒரே குரலில் "ஹேண்ட்!" என்றார்கள், பந்து அவன் கையில் பட்டதாம். நான் பெனால்டி கொடுத்துவிட்டேன்.

அந்தத் தடுப்பாட்டக்காரப் பையன் வாக்குவாதம் செய்யவில்லை. நேராக என் முன்னால் வந்து, "சார், இங்கே பாருங்கள்" என்று சட்டையை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினான். வெள்ளைச் சட்டையின் நடு நெஞ்சில் வட்டமாகச் சேற்று அச்சு. பந்தின் தையல் கோடுகள்கூட அதில் பதிந்திருந்தன. சட்டையைப் பிடித்திருந்த கைகளில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். கால்பந்து விதிகளில் ஐந்தாவது விதி அதற்கு இடம் தருகிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மாற்றவில்லை. கோட்டோரம் அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டது. பெனால்டி கோலானது, எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

நான் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விசிலை எடுக்கவும் இல்லை. ஆனாலும் அன்று நடந்தது பாரபட்சம்தான். பந்து கையில் பட்டதை என் கண் பார்க்கவே இல்லை. காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாக நம்பிவிட்டேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தொழில்முறைக் கால்பந்தில் நடுவரின் பாரபட்சம் பற்றி நம் டீக்கடைகளில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி தவறான இடத்தைச் சுட்டுகிறது என்பதுதான் நான் கண்டது. சுட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். நடுவர் கண் தவறிச் செய்யும் பிழை ஒன்று. தானே அறியாமல் ஒரு பக்கம் சாய்வது இன்னொன்று. பணத்துக்கோ பதவிக்கோ தீர்ப்பை விற்பது மூன்றாவது. மூன்றும் மைதானத்தில் ஒரே மாதிரி தெரியும். காரணமும் மருந்தும் வேறு வேறு.

பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் அணிக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை ஆஃப்சைடு, அதாவது தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்கூட்டியே நின்றார், என்று துணை நடுவர் கொடி காட்டி மறுத்தார். வி.ஏ.ஆர். எனப்படும் வீடியோ உதவி நடுவர் அறையில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், கோல் சரி என்று கண்டுகொண்டார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். "சரிபார்த்தாயிற்று" என்ற பொருளில் இரண்டு சொல் சொன்னார், ஆட்டம் தொடங்கிவிட்டது. சில நொடிகளிலேயே தவறு புரிந்தது. ஆட்டம் தொடங்கியபின் திரும்பிப் போக விதி இடம் தராததால் அறையில் இருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த உரையாடலின் ஒலிப்பதிவை இங்கிலாந்தின் நடுவர் அமைப்பே பிறகு வெளியிட்டது. கேட்பவருக்கு அதில் சதி தெரியாது. அவசரமும் தெளிவில்லாத பேச்சும் தெரியும்.

விலைபோனதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2004 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பைப் போட்டியில் கீழ்நிலைப் பிரிவில் ஆடிய பாடர்போர்ன் அணி, 0–2 என்று பின்தங்கியிருந்து, பெரிய அணியான ஹாம்பர்க்கை 4–2 என்று வீழ்த்தியது. நடுவர் ராபர்ட் ஹாய்சர் பாடர்போர்னுக்கு ஐயத்துக்குரிய இரண்டு பெனால்டிகள் கொடுத்தார், ஹாம்பர்க் ஆட்டக்காரர் ஒருவரை வெளியேற்றினார். அவர் சூதாட்டக் கும்பலிடம் பணம் வாங்கியிருந்தது பிறகு வெளியானது. சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்மேல் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தவர்கள் சக நடுவர்கள் நான்கு பேர். நடுவர்கள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2006இல் இத்தாலியில் வெடித்த விவகாரம் இன்னும் வேறு மாதிரி. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவரைப் போடுவது என்று முடிவு செய்யும் அதிகாரிகளோடு கிளப் நிர்வாகிகள் பேசிய தொலைபேசிப் பேச்சுகள் பதிவாகியிருந்தன. யுவெண்டஸ் அணியிடமிருந்து இரண்டு லீக் பட்டங்கள் பறிக்கப்பட்டன, அது இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஊழலைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது தொலைபேசியையும் பந்தயப் பணத்தையும் நடுவர் நியமனத்தையும். ஒரு பெனால்டியை ஐம்பது முறை மெதுவாக ஓட்டிப் பார்த்து அங்கே பணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பிழையும் விலைபோவதும் செய்தியாகிவிடுகின்றன. நடுவில் இருக்கிற சாய்வுக்குத்தான் கேள்வி கேட்பார் இல்லை. அது யோக்கியமான நடுவரிடமும் இருக்கிறது. "விலைபோய்விட்டார்" என்று கத்தும்போது அவர் தன் மனசாட்சியைத் தொட்டுப் பார்க்கிறார். அங்கே குற்றம் இல்லை. நம் புகாரைத் தள்ளிவிடுகிறார். அதோடு சேர்த்து உண்மையான சாய்வும் தப்பித்துக்கொள்கிறது.

விதி தெரியாமல் குற்றம் சாட்டுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் படித்தால் தீர்ந்துவிடும் வியாதி இது. பந்தை முதலில் தொட்டுவிட்டால் ஃபவுல் இல்லை என்பது பொய். தொட்டபின் காலை உடைக்கிற மாதிரி இடித்தால் அது ஃபவுல்தான். "கடைசி ஆள் தடுத்தால் சிவப்பு அட்டை" என்று விதியில் எங்கும் இல்லை. தெளிவான கோல் வாய்ப்பு கெட்டதா என்று அறிய, கோலுக்கு எவ்வளவு தூரம், பந்து எந்தத் திசையில் போகிறது, அது வசப்படுமா, சுற்றி எத்தனை தடுப்பாட்டக்காரர்கள் என்ற நான்கையும் பார்க்க வேண்டும். பெனால்டி பெட்டிக்குள், பந்தை ஆடும் முயற்சியில் அப்படி ஒரு ஃபவுல் நடந்தால் 2016 முதல் மஞ்சள் அட்டைதான், கூடவே பெனால்டி. பந்து கையில் பட்டாலே குற்றம் ஆகாது. வேண்டுமென்று தொட்டதா, உடலை இயல்புக்கு மீறி விரித்து வைத்திருந்ததா என்பதே கேள்வி. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைக் கையால் எறியும் த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது. இது தெரியாமல் லைன்ஸ்மேனைத் திட்டியவர்களை எங்கள் திடலில் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

அட்டைகளை எண்ணிப் பார்த்து வழக்கை முடிப்பது

"அவர்களுக்கு ஒரு மஞ்சள், நமக்கு ஐந்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" இந்தக் கணக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் வெளியூர் அணி பொதுவாகப் பின்னால் நின்று தடுத்தாடும். தடுத்தாடுகிறவர்தான் அதிகம் இடிப்பார். ஐந்து அட்டையும் தகுந்த காரணத்தோடு வந்திருக்கலாம். எண்ணிக்கை சந்தேகத்தைக் கிளப்பும், அதற்கு மேல் போகாது.

அப்படியானால் சாய்வை எப்படி அளப்பது? ஆட்டத்தில் எதையும் மாற்றாமல் கூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இங்கிலாந்தில் நெவில் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 40 தகுதிபெற்ற நடுவர்களை உட்காரவைத்து, லிவர்பூலும் லெஸ்டரும் மோதிய ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு மைதானச் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தம் இல்லாமல். காட்சி ஒன்றே. சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. 2002இல் வெளிவந்த ஆய்வு இது. இதைப் படித்தபோது அந்தச் சேற்று அச்சு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவர்கள் படம் பார்த்தவர்கள்தானே, மைதானத்தில் ஓடியவர்கள் இல்லையே என்று கேட்கலாம். 2007 பிப்ரவரியில் இத்தாலியில் கட்டானியாவும் பலெர்மோவும் மோதிய ஆட்டத்தின்போது நடந்த கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். பாதுகாப்பு வசதி இல்லாத மைதானங்களில் ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த ஆட்டங்களை ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் இருவர் ஆராய்ந்தார்கள். கூட்டம் இல்லாதபோது வெளியூர் ஆட்டக்காரர்கள்மேல் நடுவர்கள் காட்டிய கடுமை குறைந்தது, உள்ளூர்க்காரர்கள்மேல் கூடியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து கொரோனா உலகம் முழுக்க மைதானங்களைக் காலி செய்தபோது அதே கதை பல லீக்குகளில் திரும்பவும் தெரிந்தது: வெளியூர் அணிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூடுதல் மஞ்சள் அட்டைகள் குறைந்தன.

ஸ்பெயின் லீக்கை எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வு, ஆட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும் நிமிடங்களைப் பார்த்தது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் அந்த நிமிடங்கள் நீண்டன, ஒரு கோல் முன்னால் இருந்தால் சுருங்கின. கோல் வித்தியாசம் பெரிதாக இருந்த ஆட்டங்களில் இந்த விளையாட்டு இல்லை. யாரும் நடுவரிடம் கடிகாரத்தை நீட்டச் சொல்லவில்லை. ஐம்பதாயிரம் பேரின் மூச்சு அவர் கைக்கடிகாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஜெர்மனியிலிருந்து வந்தது. மைதானத்துக்கும் பார்வையாளர் வரிசைக்கும் நடுவே ஓடுதளம் இருக்கும் அரங்குகளில் உள்ளூர் அணிக்கான சாய்வு குறைவாக இருந்ததாம். கூட்டம் எட்ட இருக்கிறது, சத்தம் தணிகிறது. நம் நேரு ஸ்டேடியத்திலும் அப்படி ஓர் ஓடுதளம் உண்டு. பேசின் பிரிட்ஜைத் தாண்டி ‘சென்னையின் எஃப்.சி.’ கிளப்பின் ஆட்டம் பார்க்கப் போகும் எங்கள் பையன்கள், பந்து தூரத்தில் இருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்று குறைப்படுவார்கள். நானும் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த ஓடுதளத்தைப் பார்க்கும்போது, வெளியூரிலிருந்து வந்த அணிக்கு அது கொஞ்சம் நியாயம் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் திடல்களில் ஓடுதளம் ஏது? கோட்டின்மேலேயே செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். நடுவரின் காதுக்கு நாங்கள் இரண்டடி தூரம்.

நான் சுட்ட வேண்டிய இடம் என்று சொன்னது இதைத்தான். தொழில்முறை ஆட்டத்திலும் தெரு ஆட்டத்திலும் சாய்வின் பெரும்பங்கு கூட்டத்திலிருந்து, அதாவது நம்மிடமிருந்து, நடுவருக்குப் போகிறது.

பேரைக் கேட்டே அட்டையை எடுப்பது

இது நடுவர்கள் செய்யும் தவறு. எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு வலிக்கிற தவறும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நடுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரே காட்சிகளைக் காட்டிய ஓர் ஆய்வு 2002இல் வந்தது. நீலச் சட்டை அணி முரட்டுத்தனமாக ஆடும் அணி என்று ஒரு குழுவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அந்தக் குழு நீல அணிக்குக் கொடுத்த ஃபவுல்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. மஞ்சளும் சிவப்பும் மட்டும் கூடின. அதே இடி, அதே கால். ஒரு வார்த்தை காதில் போட்டதும் மன்னிக்கக் கூடியது தண்டிக்க வேண்டியதாகிவிட்டது.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் பேரே போதும். பத்திரிகைகள் ‘குட்டி பிரேசில்’ என்று எழுதும் அதே வியாசர்பாடியைப் பற்றி ரௌடி, கத்தி என்றும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இங்கிருந்து கிளம்பிய தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கும் இந்தியாவுக்கும் ஆடினார். ஆனால் நகரத்தின் மறுகோடியில் நடக்கும் ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் வேனில் போய் இறங்கும்போது அவர்களோடு இறங்குவது தனபால் கணேஷின் பெயர் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பள்ளி அளவிலான போட்டிக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பது வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணித் தலைவர்களையும் நடுவர் அழைத்தார். எதிரணிப் பையனிடம் நாணயத்தின் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். எங்கள் பையனிடம், "உங்கள் ஏரியா வேலையை இங்கே காட்டக் கூடாது" என்றார். பந்து இன்னும் உருளவில்லை. பதினான்கு வயதுப் பையன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் பத்து நிமிடத்தில் எங்களுக்கு இரண்டு மஞ்சள்.

அந்த நடுவர் கெட்டவர் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: ஆட்டத்துக்கு முன் அணியின் பேரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நடுவர் காதில் வாங்கக் கூடாது. "இவர்கள் கொஞ்சம் முரடு, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அமைப்பாளர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் கூடாது. அமைப்பாளர்களும் அதைச் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும்.

உயரமும் இப்படி ஒரு முன்முடிவைத் தரும். ஜெர்மன் லீக், சாம்பியன்ஸ் லீக், உலகக் கோப்பை ஆட்டங்களின் ஃபவுல்களை அலசிய ஆய்வில், இருவர் மோதும்போது உயரமானவர்தான் குற்றவாளி என்று நடுவர்கள் எடுத்துக்கொள்ளும் போக்கு தெரிந்தது. சிறுவர் ஆட்டங்களில் இதைத் தினமும் காணலாம். ஒரே வயதில் ஒருவன் ஐந்தரை அடி, இன்னொருவன் நாலேகால். உரசியதும் சின்னவன் விழுவான், பெரியவனுக்கு எதிராக விசில் போகும். வளர்ந்துவிட்டது அந்தப் பிள்ளை செய்த குற்றமா?

ஒன்றை ஈடுகட்ட இன்னொன்று கொடுப்பது

முதல் பாதியில் தவறாக ஒரு பெனால்டி கொடுத்துவிட்டோம் என்று நடுவருக்கு உறுத்தும். இரண்டாம் பாதியில் மறுபக்கம் ஒரு சின்ன உரசல் வரும், விசில் தானாக வாய்க்குப் போகும். கணக்குத் தீர்ந்தது என்று மனம் ஆறும். உண்மையில் ஒரு பிழை இரண்டாகிறது. ஜெர்மனியில் நடுவர்களையும் ஆட்டக்காரர்களையும் வைத்துச் செய்த சோதனையில் இது வெளிப்பட்டது. ஓர் அணிக்கு ஏற்கெனவே பெனால்டி கொடுத்தவர்கள் அதே அணிக்கு அடுத்ததைக் கொடுக்கத் தயங்கினார்கள். எதிரணிக்குக் கொடுப்பதோ எளிதாகிவிட்டது.

நடுநிலை என்றால் இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைப்பது என்று நினைப்பதால் வரும் வினை இது. ஓர் அணி பத்து முறை இடித்தால் பத்து ஃபவுல், மற்றது இரண்டு முறை இடித்தால் இரண்டு. எண்ணிக்கையைச் சமமாக்க முயலும் நடுவர், ஒழுங்காக ஆடும் அணியைத்தான் தண்டிக்கிறார். புதிதாக விசில் பிடிக்கும் தம்பிகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: போன தீர்ப்பு போய்விட்டது, அதை அடுத்த தீர்ப்புக்குள் தூக்கிக்கொண்டு வராதே.

வீடியோ எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புவது

வி.ஏ.ஆர். 2018இல் விதிப்புத்தகத்துக்குள் வந்தது, அந்த ஆண்டு உலகக் கோப்பையிலும் பயன்பட்டது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான ஆளுக்கு அட்டை கொடுத்தது ஆகிய நான்கில் மட்டும் அது தலையிடலாம் என்று அப்போது வகுத்தார்கள். அதுவும் கண்கூடான பெரிய தவறு என்றால்தான். இரண்டாவது மஞ்சள் அட்டை அன்று அந்த நான்கில் வரவில்லை. இது தெரியாமல் "வி.ஏ.ஆர். ஏன் பார்க்கவில்லை" என்று சதி பேசினோம். நம் நாட்டின் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டிகளிலோ 2024–25 பருவம் வரை வி.ஏ.ஆர். இருந்ததே இல்லை. ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, மைதானத்தில் ஒரே நொடியில் முடிவெடுக்கும் இந்திய நடுவரை எடைபோடுவது நியாயம் இல்லை.

படத்துக்கும் தனக்கென ஒரு சாய்வு உண்டு. மெதுவாக ஓட்டினால் எந்த இடியும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியும். நடுவர்களை வைத்தே நடத்திய சோதனையில், வழக்கமான வேகத்தைவிட மெதுவான காட்சியைப் பார்த்தபோது அவர்கள் கடுமையான அட்டைகளைக் கொடுத்தார்கள். பந்து எங்கே பட்டது, கால் எந்த இடத்தைத் தொட்டது என்று அறிய மெதுவான காட்சி உதவும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக இடித்தார் என்று அறிய இயல்பான வேகம்தான் வேண்டும். கைப்பேசியில் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி அனுப்பி ‘இதைப் பாருங்கள்’ என்று நியாயம் கேட்பவர்கள் ஒருமுறை அதை ஓடவிட்டும் பார்க்க வேண்டும்.

நம் கண்ணையே நம்ப முடியாது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு, அமெரிக்கக் கால்பந்து என்றாலும் பொருந்தும். 1951இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதிய முரட்டு ஆட்டம் ஒன்றின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணிய மீறல்கள், டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒரே படம்தான். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கோபத்தோடு கோட்டைத் தாண்டுவது

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா அரங்கம், ஐ.எஸ்.எல். பிளே ஆஃப். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்தார், நடுவர் கோல் கொடுத்தார். கேரள அணி ஆட்டத்தை விட்டு வெளியேறியது. அன்றிரவு எங்கள் தெருவில் கத்தாதவர் இல்லை, ஆளுக்கொரு பக்கம்.

ஃப்ரீ கிக்கை விரைந்து அடிக்க விதி இடம் தருகிறது. நடுவர் விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தால்தான் காத்திருக்க வேண்டும். அன்று அவர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்பதுதான் சண்டை. வாதாடத் தக்க வழக்குதான். ஆனால் வெளியேறியபின் அதை யார் கேட்பார்கள்? மறு ஆட்டக் கோரிக்கை தள்ளுபடியானது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை. நடுவரின் தீர்ப்பு சரியா என்ற கேள்வி போய், அணி வெளியேறியது சரியா என்பது மட்டுமே பேச்சானது.

துருக்கியில் 2023 டிசம்பரில் இதைவிட மோசம். ஆட்டம் முடிந்ததும் அங்காராகுஜு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் புகுந்து நடுவரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரைச் சிலர் உதைத்தார்கள். நாட்டின் லீக் ஆட்டங்கள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று, எங்கள் பகுதியில் விசில் பிடிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னிடம், "அண்ணா, வீட்டில் இனிமேல் போக வேண்டாம் என்கிறார்கள்" என்றாள். நடுவரை அடிப்பவரும் வாய்க்கு வந்தபடி திட்டுபவரும் கண்டிப்பான நடுவர்களைத்தான் விரட்டுகிறார்கள். யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவருக்கு விசில் ஊதுபவர்தான் மிஞ்சுவார்.

2024 யூரோ போட்டியில் அணித் தலைவர் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று முறை வைத்தார்கள். அதை எங்கள் சிறுவர் ஆட்டங்களிலும் கொண்டுவந்தோம். இங்கிலாந்தில் நடுவர் தான் ஆதரிக்கும் கிளப் எது என்று சொல்லியாக வேண்டும், அந்தக் கிளப்பின் ஆட்டத்துக்கு அவரைப் போட மாட்டார்கள். நாங்களும் இப்போது இறுதி ஆட்டங்களுக்கு இரண்டு பகுதியையும் சேராத ஒருவரை வரவழைக்கிறோம். சம்பளத்தை இரண்டு அணியும் பாதிப் பாதி, ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அவருக்கான சாப்பாடு எந்த அணியின் வீட்டிலிருந்தும் வரக் கூடாது. கோட்டிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு கயிறு கட்டினோம், பார்ப்பவர்கள் எல்லோரும் அதற்கு வெளியே. ஓடுதளம் இல்லாத திடலுக்கு அந்தக் கயிறுதான் ஓடுதளம்.

தீர்ப்பில் குறை இருந்தால் எழுதித் தருவதற்கு ஒரு தாள் வைத்திருக்கிறோம். எத்தனையாவது நிமிடம், நடுவர் எங்கே நின்றார், பந்து எங்கே இருந்தது, எந்த விதி மீறப்பட்டது என்று நான்கு கேள்விகள். நடுவரின் குணத்தைப் பற்றி எழுத அதில் இடம் விடவில்லை. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தாளை வாங்குவோம். முதல் மாதம் பதினொரு தாள் வந்தது. அதில் ஆறு, எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டவை. நடுவர் எங்கே நின்றார் என்ற இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. மீதி ஐந்தையும் நடுவர்களோடு உட்கார்ந்து பேசினோம். இரண்டில் பிழை நடுவருடையது. அவர்கள் அதை ஒப்புக்கொண்டு அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.